சுவரைப் பார்த்த கதிரை

பரமலிங்கம் கதிரையைத் தூக்கித்தான் வைப்பார், இழுக்கமாட்டார். இழுத்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு மண்டபத்தின் கடைசி மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் இருக்க இடம் உண்டு. காலையில் கூட்டித் துடைக்கும்போது சமையல்காரி சின்னத்தங்கம் கதிரையை அந்த இடத்தில், வாசலைப் பார்க்க, வைத்துவிடுவார். பின்னேரம் விளக்குப் போட்டதும் பரமலிங்கம் வந்து, அதைத் தூக்கி மேசைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்க இருப்பார். அவருடைய தட்டு இன்னொரு தட்டால் மூடித்தான் வரும். மூடியை முழுதாக எடுக்கமாட்டார். ஒரு பக்கம் சற்றுத் தூக்கி, உள்ளே கையை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, திரும்பவும் மூடுவார். பூனை உள்ள வீட்டில் பாற்சட்டியைத் திறக்கிறவர்போல.

அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகும் வழியில் இருக்கிற விடுதி அது. கீழே ஒரு பக்கம் பார், மறுபக்கம் சாப்பாட்டு மண்டபம், நடுவில் இரண்டு பக்கமும் ஆடுகிற அரைக் கதவு. மேலே நாலு அறைகள். கோயில் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அறைகளை நிறைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் மேலே நான் ஒருத்திதான். பக்கத்து ஒழுங்கையில் படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவைப் பகலில் பராமரிக்க என்னை எடுத்திருந்தார்கள். இரவுக்கு வேறு ஆள் வந்தார். அந்த வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லாதபடியால் இங்கே அறை எடுத்துத் தந்தார்கள். சாராயம் விற்கிற இடத்தில் ஒரு பொம்பிளை தனியாகத் தங்குவதோ என்று கேட்டவர்களுக்கு, கதவுப் பூட்டும் குளியலறையும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். வேறென்ன வேண்டும்.

பாரில் இருந்தவர்கள் என்னை மிஸி என்று கூப்பிட்டார்கள். நான் தாதி இல்லை, பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் மட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்டுதானே மிஸி" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பரமலிங்கம் எழுபது தாண்டியவர். கடலோடிக் குடும்பம். மீசை முளைத்த கையோடு கப்பலுக்குப் போய், தலை நரைத்த பிறகுதான் ஊரில் வந்து நின்றார். இயந்திர அறையில் எண்ணெய் விடுகிற வேலை. அந்த இரைச்சலுக்குக் காதில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்ததால் அவர் இரகசியம் பேசினாலும் அரைக் கதவுக்கு அப்பால் கேட்கும். சாப்பிடும்போது இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்திருப்பார். தட்டை ஆரும் பறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்போல என்று நினைத்தேன். கேட்டபோது, "கப்பல் ஆடேக்கை கோப்பை ஓடிப்போடும் மிஸி. அந்தப் பழக்கம்" என்றார்.

"இஞ்சை தரை ஆடேல்லையே."

"அது கைக்குத் தெரியாது."

சாராயம் தொடமாட்டார். கள்ளும் இல்லை. "குடிக்கிற இடத்துக்குச் சாப்பிடவெண்டு வாற ஒரே ஆள் நான்தான்" என்று பெருமையாகச் சொல்லுவார். மனைவி பராசக்தி இறந்த பிறகு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சமைக்கத் தெரியாதவர் அல்ல. மீன் வெட்டுவதில் சின்னத்தங்கத்துக்கே புத்தி சொல்லுகிறவர். காரணத்தை அவரே சொன்னார்: "கப்பலிலை எண்டால் மணி அடிப்பாங்கள். போனால் நாலு பேர் இருப்பாங்கள், ஒருத்தன் பகிடி விடுவான், ஒருத்தன் சண்டை பிடிப்பான், சோறு இறங்கும். வீட்டிலை ஆர் மணி அடிக்கிறது?" அதனால் பின்னேரமானால் சேட்டுப் போட்டுக்கொண்டு, ஏதோ கந்தோருக்குப் போகிறவர்போல, ஒழுங்கையால் நடந்து இங்கே வந்துவிடுவார்.

மகள் பிரசாந்தி நோர்வேயில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் வருவார். அவருடைய முதற்கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒன்றுதான்: "சாப்பிட்டியளோ அப்பா?"

"ஓம் பிள்ளை, வடிவாச் சாப்பிட்டன்" என்று பார் முழுக்கக் கேட்கச் சொல்லுவார்.

அது பொய் என்பது நான் வந்த சில நாட்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடியபடி திரும்பிப் போகிற தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. காற்சட்டையின் இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இருந்தன. தண்ணீர் குடித்த பிறகு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கரகரத்தது. இடது கடைவாயில் சோறு தங்கிக் கிடந்தது அவருக்கே தெரியவில்லை. விழுங்கும்போது ஒருமுறைக்கு இரண்டு மூன்றுமுறை தொண்டை ஏறி இறங்கியது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். விழுங்க ஏலாமல் போய்க்கொண்டிருக்கிற ஆள்.

நான் கண்டேன். மற்றவர்கள் காணவில்லை. அதற்குக் காரணம் அசட்டை அல்ல, மரியாதை. ஒருவர் சாப்பிடும்போது அவருடைய வாயைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் நாவூறு படும். இதை எங்களுக்குச் சின்ன வயதிலேயே தலையில் குட்டிப் பழக்கியிருக்கிறார்கள். பரமலிங்கத்தின் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் மண்டபத்தில் இருக்கிற மூன்று நாலு பேரும் கூரையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கைபேசியைப் பார்ப்பார்கள். நான் பயிற்சி எடுத்த இடத்தில் இதற்கு நேர்மாறு. சாப்பிடுகிறவரின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் கண்ணை எடுக்காதே என்பதுதான் அங்கே முதற்பாடம்.

அவருக்கு முன்னால் சுவரில் பாரின் அனுமதிப்பத்திரம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் நான் பார்ப்பதை ஒருநாள் கண்டுவிட்டார். திரும்பாமலே கேட்டார்.

"என்ன மிஸி, என்ரை வாயிலை படமே ஓடுது?"

"விழுங்க ஏலாமல் இருக்கோ?"

"ஆர் சொன்னது?"

"உங்கடை தொண்டை."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கண் பட்டிட்டுது. அது கழிய நாள் எடுக்கும். நீங்களும் பாத்தியளெண்டால் இன்னும் கனநாள் எடுக்கும்."

அடுத்த நாள் தோளில் ஒரு சால்வையோடு வந்தார். கதிரையைத் தூக்கி வைத்ததும் அந்தச் சால்வையை அனுமதிப்பத்திரத்தின்மேல் தொங்கவிட்டார். முதலாளி மயூரதன் பாருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஐயா, பொலிஸ் வந்து லைசென்ஸ் எங்கையெண்டு கேட்டால் நான் உங்கடை சால்வையைத்தான் காட்டவேணும்" என்றான். ஆரும் சிரிக்கவில்லை. பரமலிங்கத்துக்கு அது கேட்டதாகவும் தெரியவில்லை.

யாருடைய கண் என்பதைச் சின்னத்தங்கம்தான் சொன்னார். தேங்காய் திருவுகிறபோது கதை கேட்டால் ஒளிக்கமாட்டார்.

அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்கிற கமக்காரர் செல்வநாயகம். ஒரு கிளாஸ் சாராயத்தை விளக்குப் போடுகிற நேரம் எடுத்து அரை மணித்தியாலம் வைத்துக் குடிக்கிறவர். அவரும் பரமலிங்கமும் எத்தனையோ வருடமாக மண்டபத்தின் நடு மேசையில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள். ஒருவர் சாப்பிடுவார், மற்றவர் குடிப்பார். தட்டு வந்ததும் பரமலிங்கம் கரண்டியால் தண்ணீர்க் கிளாசில் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கப்பல் மணி. அதைக் கேட்டுச் செல்வநாயகம் தன் கிளாசோடு அரைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். ஊரில் எல்லோரும் பார்க்கக்கூடாது என்று நினைக்கிற ஒன்றைச் செல்வநாயகம் ஆசையாக, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பார். அவருக்கு வயிற்றுப்புண். வீட்டில் உப்பும் உறைப்பும் இல்லாத சாப்பாடு. "நீ சாப்பிடன், நான் பாத்து ருசிக்கிறன்" என்று அண்ணை தம்பி மரியாதையை விட்டுப் பேசுகிற அளவுக்குப் பழக்கம்.

"ஒருநாள் பிட்டும் நண்டுக்கறியும்" என்றார் சின்னத்தங்கம். "பரமண்ணை நண்டுக்காலைக் கடிச்சு உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். செல்வண்ணை சொன்னார், 'இந்த மனுசன் சாப்பிடுறதைப் பாத்தால் வயிறு நிறைஞ்சவனுக்கும் பசிக்கும்' எண்டு. நல்ல மனசோடைதான் சொன்னது, மிஸி. அடுத்த வாய் தொண்டையிலை நிண்டிட்டுது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோச்சு. எழும்பி நிண்டு அவ்வளவு பேருக்கும் முன்னாலை, 'உன்ரை கண்ணாலைதானடா' எண்டிட்டார்."

"பேந்து?"

"நான்தான் நாவூறு கழிச்சன். செத்தல்மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போட்டன். ஒரு துளி நெடி வரேல்லை. அவ்வளவு கண்."

"அண்டைக்கு அடுப்பிலை வேறை என்ன பொரிச்சனீங்கள்?"

"சூடைமீன்."

"அப்ப மிளகாய் நெடி எப்பிடித் தெரியும்?"

சின்னத்தங்கம் திருவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்டிலையும் நம்பிக்கையில்லை" என்றார்.

அன்றிலிருந்து பரமலிங்கம் கடைசி மேசைக்குப் போய்விட்டார். செல்வநாயகம் பாருக்குள் யன்னலோரம் போய்விட்டார், மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பாரில் பகிடிக்குக் குறைவில்லை. அவர் வாசலில் வந்தால், "செல்வண்ணை வாறார், பைற்றை மூடுங்கோடா" என்று ஒருவன் சொல்லுவான். பைற் என்று கொறிக்க வைத்திருக்கிற கடலைத் தட்டையும் பொரித்த கணவாயையும் கையால் மூடுவார்கள். செல்வநாயகமும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தப் பெயர் ஊருக்குள் போய்விட்டது. ஒரு கலியாண வீட்டில் அவரைப் பந்தியின் கடைசி மூலையில் இருத்தினார்கள் என்று சின்னத்தங்கம் சொன்னார். சாப்பிடுகிற ஆளைக் கண்டால் யன்னலுக்கு வெளியே பார்ப்பது அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. வெளியே இருட்டில் பார்க்க ஒன்றுமில்லை, கடலேரிக் காற்றைத் தவிர.

ஒரு மாலை பிட்டு அடைத்தது.

முதலில் ஒரு இருமல். பிறகு இருமலும் இல்லை. அதுதான் பயப்படவேண்டிய இடம். மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். மண்டபத்தில் அன்றைக்கு ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தகப்பன் பிள்ளைகளின் முகத்தை மறுபக்கம் திருப்பினார். ஒரு மனிதர் சாப்பாட்டோடு அவதிப்படும்போது பார்ப்பது அழகில்லை அல்லவா. அரைக் கதவுக்கு அப்பால் செல்வநாயகம் எழும்பியதைக் கண்டேன். அவருக்குத்தான் முதலில் விளங்கியிருக்கிறது. இரண்டடி வைத்தார். பிறகு நின்று, என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய் யன்னலைப் பார்க்க இருந்துவிட்டார்.

நான் போய்ப் பரமலிங்கத்தை முன்னுக்கு வளைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினேன். எலும்பும் சேட்டும்தான் கையில் பட்டன. அத்தனை மெலிவு. பிட்டுக்கட்டி வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது. கதிரையில் இருத்தி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

குரல் வந்ததும் கேட்ட முதற்கேள்வி, "ஆரும் பாத்தவையோ?"

"ஒருத்தரும் பாக்கேல்லை. அதாலைதான் சாகப் பாத்தனீங்கள்" என்றேன்.

மயூரதனைக் கூப்பிட்டு, காலையில் முதல் வேலையாக இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நாவூறாகவும் இருக்கட்டும், அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். பரமலிங்கம் வேண்டாம் என்று தொடங்கினார். "நீங்கள் போகாட்டி ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தியோடை நான் கதைப்பன்" என்றதும் அடங்கிவிட்டார். மகள் அறிந்தால் நோர்வேக்கு எடுத்துவிடுவார் அல்லது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார் என்பது அவருடைய பயம். அங்கேயும் மணி அடிப்பார்கள்தான். ஆனால் அந்த மணிக்குப் போவதற்கு அவருக்கு விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். திரும்பி வந்த மாலையும் கதிரையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத்தான் வைத்தார். நான் மேசையின் பக்கவாட்டில் போய் இருந்தேன்.

"மண்டைக்குள்ளை ஒரு சின்ன நரம்பு அடைச்சிருக்காம்" என்றார். "அதாலை தொண்டை ஒரு பக்கம் வேலை செய்யேல்லையாம். கொஞ்ச மாதத்துக்கு முந்தியாம்."

"அப்ப நாவூறு இல்லை."

"அதுவும் இருந்திருக்கும்."

அவர் தண்ணீர்க் கிளாசை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, அவரைப் பொறுத்தவரை மெதுவாக, சொன்னார்.

"நண்டுக்கறி அண்டைக்கு விடியவே இடக்கை விறைச்சுத்தான் கிடந்தது. சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலாமல் நிண்டனான். கைக்கு மேலை படுத்த வளமெண்டு விட்டிட்டன். செல்வம் அந்தக் கதை சொன்னது பின்னேரமெல்லே."

அரைக் கதவுக்கு அப்பால் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய மெதுவான குரல் எவ்வளவு மெதுவானது என்பது எல்லோருக்கும் தெரியும். செல்வநாயகத்தின் முதுகு அசையவில்லை.

"உதை அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றேன்.

"கேட்டிருக்கும்."

"கேக்கிறது வேறை. சொல்லுறது வேறை."

"நீங்கள் தொண்டையை மட்டும் பாருங்கோ, மிஸி."

தொண்டையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டவை இவை: நிமிர்ந்து இருக்க வேண்டும், சின்னக் கரண்டியால் சாப்பிட வேண்டும், விழுங்கும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிய வேண்டும், வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக்கூடாது, தண்ணீராக இருப்பது ஒன்றும் ஆகாது, உதிருவதும் ஆகாது, பசைபோலத் தடித்து வழுவழுவென்று இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டளையைக் கேட்டதும் மயூரதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆரும் பாக்கக்கூடாதெண்டு சுவருக்குப் போன மனுசனை, ஆள் வைச்சுப் பாக்கச் சொல்லினம்" என்றான்.

தடித்து வழுவழுவென்று இருப்பதற்கு நான் தேடித் திரியவில்லை. சின்னத்தங்கத்தின் அடுப்படியில், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா இருந்தது. கூழ் காய்ச்சச் சொன்னேன். மீனையும் நண்டையும் அவித்து, சாற்றை வடித்து எடுத்துக்கொண்டு, சக்கையை எறிந்துவிடச் சொன்னேன். முள்ளும் ஓடும் பயற்றங்காய்த் துண்டும் ஒன்றும் இருக்கக்கூடாது. கரண்டியைச் சரித்தால் ஓடாமல், கட்டியாக மெல்ல விழ வேண்டும்.

"நண்டும் மீனும் இல்லாமல் கூழோ?" என்றார் சின்னத்தங்கம். "என்ரை பேரைக் கெடுக்கவெண்டே வந்தனீங்கள்."

"உங்கடை பேர் கெட்டாலும் ஆள் இருப்பார்."

திட்டிக்கொண்டே காய்ச்சினார். நன்றாகத்தான் காய்ச்சினார்.

கூழ் தனியாக இருந்து குடிக்கிற சாப்பாடல்ல. பெரிய பானையில் காய்ச்சி, ஊரைக் கூப்பிட்டு, சுற்றி இருந்து, மூக்கு ஒழுக ஒழுகக் குடிக்கிற சாமான். பரமலிங்கம் அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, தேநீர்க் கரண்டியால், சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார். ஒரு கரண்டி, குனிவு, விழுங்கல், இன்னொரு விழுங்கல், நிமிர்வு. பேச்சுக்காக இந்த இடத்துக்கு வந்த மனிதர் பேசாமல் சாப்பிட்டார். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் முடிய முக்கால் மணித்தியாலம் எடுக்கும். முதற்சில நாட்கள், "பொலிஸ்காரி மாதிரிப் பாக்கிறியள்" என்று முறைத்தார். பிறகு பழகிவிட்டது. நான் வரப் பிந்தினால் கரண்டியை எடுக்காமல் இருப்பார். சால்வையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டார். இடுப்புப் பட்டி ஒரு ஓட்டை தளர்ந்தது. இடது கைதான் இன்னும் கிண்ணத்தைச் சுற்றி வளைத்தபடி இருந்தது, ஓடிப்போகாத கிண்ணத்தை.

பாருக்குள் யன்னலோரத்து முதுகும் அப்படியே இருந்தது. "பைற்றை மூடுங்கோடா" என்பது கொஞ்சம் குறைந்திருந்தது. செல்வநாயகம் இப்போது முன்னரைவிடப் பிந்தித்தான் வீட்டுக்குப் போனார். பரமலிங்கம் கிண்ணத்தைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் தன் கிளாசை முடித்தார். அவர் திரும்பிப் பார்த்து நான் காணவில்லை. காதால் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி முடிவில் நான் பராமரித்த அம்மா மோசம் போனார். நல்ல சாவு, படுக்கைப்புண் இல்லாமல் அனுப்பினேன். எட்டாம் நாள் நடக்கிற எட்டுச் செலவுக்கு நின்றுவிட்டு வீட்டுக்குப் போக ஆயத்தமானேன். எனக்கு அடுத்த வேலை கொடிகாமத்துப் பக்கம் வந்திருந்தது. கடைசி மாலை, பையை அடுக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். பரமலிங்கம் சுவரைப் பார்க்க இருந்தார். கிண்ணம் இன்னும் வரவில்லை.

"நாளையிலையிருந்து ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"மயூரதன் நிக்கிறான்தானே."

"அவர் பாரை விட்டிட்டு வர ஏலாது."

"சின்னத்தங்கம்."

"அவ அடுப்பிலை நிப்பா."

"அப்ப உந்தச் சுவர் காணும். இவ்வளவு நாளும் அதுதானே பாத்தது."

"சுவர் முதுகிலை தட்டாது, பரமண்ணை."

எனக்குத் தெரிந்ததைச் சொல்லியாகிவிட்டது. வேண்டுமென்றால் அரைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் செல்வநாயகத்தை நானே கூட்டிவந்திருக்கலாம். ஆனால் நோயாளி தானாகச் செய்யக்கூடிய ஒன்றை நாம் செய்துகொடுக்கக்கூடாது. கொடுத்தால் பிறகு அவர் செய்யமாட்டார்.

சின்னத்தங்கம் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல மூடி போட்டிருந்தது. பரமலிங்கம் மூடியை எடுத்து மேசையில் மல்லாக்க வைத்தார். கூழின் ஆவி வெளியே வந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்தார். தூக்கவில்லை, இழுத்தார். சீமெந்துத் தரையில் அதன் நாலு காலும் கீச்சிட, மேசையைச் சுற்றி, அந்தப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பாரில் இருந்தவர்களும் அரைக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். செல்வநாயகம் மட்டும் திரும்பவில்லை. சாப்பாட்டு மணம் வந்தவுடன் யன்னலைப் பார்க்க அவருடைய கழுத்து பழகியிருந்தது.

பரமலிங்கம் சுவரில் முதுகு படும்படி, எல்லோரையும் பார்க்க, இருந்தார். கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார். கரண்டியால் தண்ணீர்க் கிளாசில் இரண்டு தட்டுத் தட்டினார்.

யன்னலோரத்தில் கிளாசைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றது.

பரமலிங்கம் ஒரு கரண்டி கூழை எடுத்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார், வைக்கவில்லை. கரண்டியை அங்கேயே, அத்தனை பேருக்கும் தெரிகிற உயரத்தில், பிடித்துக்கொண்டு, அந்த முதுகு திரும்பும்வரை காத்துக்கொண்டிருந்தார்.